படத்துக்குக் கீழே நாலு வரி

வெஸ்ட் ஈலிங்கில் நாங்கள் இருப்பது ஒரு கடைக்கு மேலே உள்ள இரண்டு அறை வீடு. அந்த வீட்டின் சமையலறை மேசைதான் என் மனைவியின் தொழிற்சாலை. காலையில் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனதும் கோப்பைகளை ஒதுக்கிவிட்டுத் தையல் மெசினைத் தூக்கி மேசையில் வைப்பாள். பின்னேரம் மூன்று மணிக்கு மெசின் மீண்டும் கட்டிலுக்குக் கீழே போய்விடும். பழைய சேலைகளை வெட்டி, தோள்பை, தலையணை உறை, சின்னப் பிள்ளைகளுக்குப் பாவாடை என்று தைப்பதுதான் தொழில். கொரோனாக் காலத்தில் முகக்கவசம் தைக்கத் தொடங்கி, அது தேவையில்லாமல் போனதும் பையில் வந்து நின்றது.

அவளுக்குத் தைக்கத் தெரியும், படம் எடுக்கவும் தெரியும். ஆனால் படத்தை இன்ஸ்ரகிராமில் போட்டால் கீழே ஏதாவது எழுதவேண்டும். இங்குள்ளவர்கள் அதைக் 'கப்சன்' என்கிறார்கள். அந்த வேலை என் தலையில் விழுந்தது. நான் ஓ.எல். பரீட்சைக்கே இருக்காதவன். வன்னியில் அந்த வருடங்களில் பரீட்சையைப் பற்றி யோசிக்க எங்களுக்கு நேரம் இருக்கவில்லை. ஆனாலும் வீட்டில் தமிழ் எழுதத் துணிந்தவன் நான் ஒருவன்தான். பக்டறியில் ரீ குடிக்கத் தரும் பத்து நிமிடத்தில் கைத்தொலைபேசியில் எழுதி அனுப்புவேன். நாலு வருடமாக எழுதுகிறேன். அதில் நான் விட்ட பிழைகளையும் கற்றுக்கொண்ட சிலதையும் இங்கே எழுதுகிறேன். புதிதாக வந்து குடியேறிய வீடுகளில் கேக் அடிக்கிற, மாலை கட்டுகிற, சட்டை தைக்கிற பெண்கள் பலர் இருக்கிறார்கள். அவர்கள் யாருக்காவது உதவலாம்.

நான் எழுதிய முதல் கப்சன் எனக்கு இன்னும் மனப்பாடம். "கலைநயமும் கைவண்ணமும் கைகோர்க்கும் அற்புதப் படைப்பு! உங்கள் இல்லத்தை அலங்கரிக்க இன்றே நாடுங்கள்!" எழுதி முடித்தபோது எனக்கே ஒரு பெருமை. ரொறன்ரோவில் இருக்கும் மச்சாள் ஒரு இதயம் போட்டார். சவுத்ஹோலில் இருக்கும் கூட்டாளி "வாழ்த்துக்கள் மச்சான்" என்று எழுதினான். விலை கேட்டு ஒரு குஞ்சு குருமான் கூட வரவில்லை. அடுத்த கிழமை ஆச்சரியக்குறியை இரண்டாக்கிப் பார்த்தேன். அப்போதும் வரவில்லை.

மனைவி ஒரு நாள் கேட்டாள். "உதை வாசிச்சால் நான் என்ன தைச்சிருக்கிறன் எண்டு தெரியுதே?"

தெரியவில்லை. அது பையா, திரைச்சேலையா, சுவரில் மாட்டுகிற படமா என்று என் எழுத்தில் எங்கும் இல்லை.

எனக்கு இந்த விடயம் விளங்கியது பக்டறியில். நான் வேலை செய்வது பார்க் றோயலில், பெட்டியில் அடைத்து விற்கும் சாப்பாடு செய்கிற இடத்தில். என்னுடைய இடம் லேபல் ஒட்டுகிற லைன். ஒவ்வொரு சாப்பாடும் தொடங்கும்போது முதல் லேபலை உரித்து ஒரு தாளில் ஒட்டி, சுப்பவைசர் எழுத்தெழுத்தாகப் பார்த்துக் கையெழுத்து வைத்த பிறகுதான் லைன் ஓடும். கறி சரியாக இருந்து லேபல் மாறியிருந்தால் அவ்வளவு பெட்டியும் நிற்கும். ஏன் இவ்வளவு பயம் என்று புதிதில் நினைத்தேன். 2016இல் நற்றாசா என்ற 15 வயதுப் பிள்ளை எள்ளு சேர்ந்த ஒரு பாணைச் சாப்பிட்டு இறந்துபோனது. எள்ளு இருப்பது அந்தப் பொதியில் எழுதப்பட்டிருக்கவில்லை. அந்தப் பிள்ளையின் பெயரால் 2021 ஒக்ரோபரில் இந்த நாட்டில் சட்டம் வந்தது. கடையிலேயே செய்து பொதி கட்டி விற்கும் சாப்பாட்டிலும் எல்லாச் சேர்மானமும் எழுதவேண்டும். ஒவ்வாமை தரக்கூடிய 14 வகைப் பொருட்களை எடுத்துக்காட்டி எழுதவேண்டும். ஒரு சொல் விடுபட்டதில் ஒரு உயிர்.

அந்தச் சின்ன லேபலில் அலங்காரம் ஒன்றும் இல்லை. இது என்ன, எவ்வளவு, எதனால் செய்தது, எந்தத் திகதிக்குள் சாப்பிடவேண்டும், எப்படிச் சூடாக்குவது. அவ்வளவுதான். அதைப் பார்த்துத்தான் சனம் வாங்குகிறது. ஒரு நாள் ரீ நேரத்தில் அதே மாதிரி ஒன்று எழுதினேன்.

"ஒரு பருத்திச் சேலையில் இரண்டு பை வந்தது. இது இரண்டாவது. அகலம் 38, உயரம் 42 சென்ரிமீற்றர். உள்ளே ஒரு சின்னப் பொக்கற். பெரிய கொப்பியும் தண்ணீர்ப் போத்தலும் போகும். 18 பவுண், தபால் செலவு தனி. வெஸ்ட் ஈலிங் ஸ்ரேசனில் வந்தும் எடுக்கலாம்."

அன்று பின்னேரமே அந்தப் பை விற்றது. வாங்கியவர் ஹன்வெலில் இருக்கும் ஒரு ஆசிரியை. முன்பின் தெரியாதவர்.

விலையை எழுதுவது பற்றி எங்கள் வீட்டில் பெரிய விவாதம் நடந்தது. எங்கள் ஆட்கள் பலர் "விலைக்கு இன்பொக்ஸ் பண்ணவும்" என்று போடுவார்கள். மனைவிக்கும் அதுதான் விருப்பம். விலையைப் பார்த்தால் சனம் ஓடிவிடும் என்று பயம். எனக்கு நேர்மாறான எண்ணம். விலை கேட்டுவிட்டு "வேண்டாம்" என்று சொல்ல எங்கள் சனத்துக்கு வெட்கம். அதனால் கேட்காமலே விட்டுவிடும். விலை போட்ட பிறகு கேள்விகள் குறைந்தன, விற்பனை குறையவில்லை.

என் அப்பா யாழ்ப்பாணத்து மில்க்வைற் சவர்க்காரத்தைப் பற்றி அடிக்கடி கதைப்பார். க. கனகராசா நடத்திய தொழிலகம் அது. எழுபதுகளில் 'மில்க்வைற் செய்தி' என்று ஒரு மாத வெளியீடும் அவர்கள் நடத்தினார்கள். சவர்க்காரக் கொம்பனியின் பத்திரிகையில் பனை நடுவது பற்றியும் சமயம் பற்றியும் இருக்கும். அதனால் சவர்க்காரத்தின் பெயர் வீட்டில் ஒரு ஆளின் பெயர் மாதிரிப் புழங்கியது என்பார் அப்பா. இன்ஸ்ரகிராம் வந்தது 2010இல். வாங்கச் சொல்லாமல் சனத்தோடு கதைத்துக்கொண்டிருப்பது எங்கள் ஊரில் அதற்கு வெகுகாலம் முன்பே இருந்திருக்கிறது. இந்தியாவில் எஸ்.எஸ்.வாசனும் தபால் மூலம் பொருள் விற்பதும் விளம்பரம் எழுதுவதுமாக இருந்தவர்தான். 1928இல் 'ஆனந்த விகடன்' பத்திரிகையை வாங்கியபோது பெயரில் உள்ள எழுத்துக்கு 25 ரூபாய் வீதம் 200 ரூபாய் கொடுத்தார் என்று ஒரு கதை சொல்வார்கள். எழுத்துக்கு அப்படி விலை கிடைத்தால் நான் பக்டறியை விட்டுவிடுவேன்!

எழுத்தை எண்ணுகிற கதை இங்கேயும் உண்டு. இன்ஸ்ரகிராமில் ஒரு படத்துக்குக் கீழே 2,200 எழுத்து வரை எழுதலாம். ஆனால் பார்ப்பவருக்கு முதலில் தெரிவது ஏறக்குறைய 125 எழுத்து மட்டும். மிச்சத்தை வாசிக்க அவர் விரலால் தட்டவேண்டும். இதில் தமிழுக்கு ஒரு வஞ்சகம் இருக்கிறது. கொம்பியூட்டர் படிக்கும் மருமகன்தான் எனக்கு இதை விளங்கப்படுத்தினான். 'அம்மா' என்பது எங்களுக்கு மூன்று எழுத்து. கொம்பியூட்டருக்கு அது ஐந்து. மெய்யெழுத்தின் புள்ளியையும் காலையும் கொம்பையும் அது தனித்தனியாக எண்ணும். 'ஸ்ரீ' என்ற ஒன்றுக்கே நாலு. ஆகவே ஆங்கிலத்தில் எழுதுபவரை விட நாங்கள் முதல் வரியில் சிக்கனமாக இருக்கவேண்டும். 'வணக்கம் அன்பான உறவுகளே' என்று தொடங்கினால் அதற்கே 22 போய்விடும். வணக்கம் சொல்வது நல்ல பழக்கம்தான், ஆனால் பையைப் பற்றிய சொல் முதலில் வரட்டும்.

எந்த மொழியில் எழுதுவது என்று பலர் கேட்கிறார்கள். நான் முதலில் தமிழ், அதன் கீழே இரண்டு வரி ஆங்கிலம் என்று எழுதுகிறேன். தமிழை ஆங்கில எழுத்தில் எழுதச் சொல்லி மருமகன் சொன்னான். கொஞ்ச நாள் எழுதினோம். எங்களுடைய வாங்குகிற ஆட்களில் அரைவாசிப் பேர் ஐம்பது வயதுக்கு மேற்பட்ட அக்காமார். அவர்களுக்கு அது கண்ணுக்குள் குத்தியது. பிள்ளைகளுக்கோ அதைவிட ஆங்கிலம் இலகு. இரண்டு பக்கமும் இல்லாமல் போனது.

தமிழிலும் எந்தத் தமிழ் என்ற கேள்வி வரும். நாங்கள் சொல்வது சீலை. "பழைய சீலையில் தைத்த பை" என்று ஒரு முறை எழுதினேன். ஈலிங் புறோட்வேயில் இருக்கும் ஒரு சென்னைக்காரப் பெண் மனைவிக்குத் தனியாக எழுதினார். "அக்கா, எங்க பக்கம் சீலைத் துணின்னா கிழிஞ்ச துணி மாதிரி கேக்கும். புடவைன்னு போடுங்க" என்றார். எங்கள் ஊரில் புடவை என்றால் கடையில் வெட்டி வாங்கும் துணி எல்லாமே புடவைதான். புடவைக்கடை என்றுதானே சொல்கிறோம். கடைசியில் இருவருக்கும் பொதுவாகச் 'சேலை' என்று முடிவு செய்தோம். மனைவி இன்னும் வாயால் சீலை என்றுதான் சொல்லுவாள்.

நிறத்தைப் பற்றிக் கட்டாயம் சொல்லவேண்டும். இலண்டன் மாரியில் பின்னேரம் நாலு மணிக்கே இருட்டிவிடும். லைற் வெளிச்சத்தில் எடுத்த படத்தில் நிறம் மாறும். ஒரு அம்மா சிவப்பு என்று நினைத்து வாங்கிய தலையணை உறை வேறு நிறமாக இருந்தது என்று திருப்பி அனுப்பினார். அவரில் பிழை இல்லை. இப்போது நிறத்தைச் சொல்லால் எழுதுகிறோம். ஆங்கிலத்தில் பச்சைக்கு லைற், டார்க் என்று நின்றுவிடுவார்கள். எங்களிடம் கிளிப்பச்சை இருக்கிறது, மாந்தளிர் இருக்கிறது, மயில்கழுத்து இருக்கிறது. அரக்கு, செங்கல், வெங்காயத்தோல், கத்தரிப்பூ இருக்கிறது. கத்தரிப்பூ நிறம் என்று எழுதினால் ஊரில் கத்தரித் தோட்டத்தைப் பார்த்த எந்த அக்காவுக்கும் சந்தேகம் வராது. படம் பொய் சொன்னாலும் சொல் சரியாக இருக்கும்.

ஆனால் சொல்லும் பொய் சொல்லும். நானே சொல்லியிருக்கிறேன். மினுங்குகிற ஒரு சேலையில் தைத்த பைக்கு 'பட்டுப் பை' என்று எழுதினேன். வாங்கியவர் வந்து பார்த்து, ஒரு நூலை இழுத்து நெருப்பில் பிடிக்கச் சொன்னார். உண்மையான பட்டு என்றால் தலைமயிர் எரிகிற மணம் வரும், விரலால் நசித்தால் சாம்பலாகும். எங்களுடையது உருகி ஒரு மணியாகத் திரண்டது. பொலியெஸ்ரர்! பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். பட்டு இல்லாததைப் பட்டு என்று எழுதி விற்க இந்த நாட்டில் சட்டம் இடம் கொடுக்காது என்பது பிறகுதான் தெரியும். லேபல் லைனில் நின்றுகொண்டு நானே லேபலை மாற்றி ஒட்டியிருக்கிறேன். இன்றைக்கு நூலை எரித்துப் பார்க்காமல் அந்தச் சொல்லை எழுதுவதில்லை.

இன்னொன்று. பாரிசில் இருக்கும் மனைவியின் தம்பி உதவி செய்கிறேன் என்று ஒவ்வொரு படத்துக்கும் கீழே "வாங்கினேன், மிகத் தரம்" என்று எழுதிக்கொண்டிருந்தார். ஒரு கைக்குட்டை கூட வாங்கவில்லை. அன்பால் செய்தது. ஆனால் வாங்காதவரை வாங்கியதாக எழுதவைப்பது 2025 ஏப்ரல் முதல் இங்கே தடைசெய்யப்பட்ட வியாபாரம். "தம்பி, வடிவாயிருக்கு எண்டு மட்டும் போடுங்கோ" என்று சொல்லிவிட்டோம். அதேபோல, யாராவது பிரபலமானவருக்கு இலவசமாகப் பை கொடுத்து அவர் அதைப் பற்றி எழுதினால், அது விளம்பரம் என்று தெளிவாகப் போடவேண்டும்.

சட்டம் என்று வந்ததால் புதிதாக வந்தவர்களுக்கு முக்கியமான ஒன்றையும் சொல்கிறேன். புகலிட வழக்கு இன்னும் முடியாமல் இருப்பவர்கள் இந்த வேலையைத் தொடங்கவேண்டாம். ஒரு வருடத்துக்கு மேல் முடிவு வராமல் இருந்தால் வேலை அனுமதி கேட்கலாம். ஆனால் அது குறிப்பிட்ட வேலைகளுக்கு மட்டும். சொந்தத் தொழிலுக்கு அந்த அனுமதி செல்லாது. "வீட்டிலை இருந்து நாலு கேக்தானே" என்று நினைக்கவேண்டாம். இன்ஸ்ரகிராமில் போட்டது உலகம் முழுக்கத் தெரியும். அகதி அந்தஸ்து கிடைத்த பிறகு வேலைக்கும் தொழிலுக்கும் தடை இல்லை. ஏப்ரல் 6இல் தொடங்கி அடுத்த ஏப்ரல் 5இல் முடியும் வரி ஆண்டுக்குள் விற்ற மொத்தப் பணம் 1,000 பவுணைத் தாண்டினால், அடுத்து வரும் ஒக்ரோபர் 5க்கு முன் வரி அலுவலகத்தில் பதியவேண்டும். இலாபம் அல்ல, விற்ற மொத்தப் பணம். யூனிவேர்சல் கிறெடிற் எடுப்பவர்கள் இந்த 1,000 பவுணைப் பாராமல் எந்த வருமானத்தையும் அறிவிக்கவேண்டும். சாப்பாட்டுச் சாமான் என்றால் தொடங்குவதற்கு 28 நாள் முன்பே கவுன்சிலில் பதியவேண்டும். இணையத்தில் வாங்கியவர் 14 நாளுக்குள் மனம் மாறித் திருப்பிக் கொடுக்கலாம். அவருக்கென்றே அளவெடுத்து, பெயர் போட்டுத் தைத்ததற்கு மட்டும் அது பொருந்தாது. இதையும் கப்சனில் ஒரு வரியாக எழுதிவிடுவோம்.

நாள் பார்ப்பதிலும் நான் ஒரு முறை மாட்டுப்பட்டேன். அன்னையர் தினத்துக்கு என்று மே மாதம் இரண்டாம் ஞாயிறைக் கணக்குப் பார்த்து மார்ச் கடைசியில் எழுதத் தொடங்கினேன். இந்த நாட்டில் அது ஈஸ்ரருக்கு மூன்று கிழமை முன்னதாக, மார்ச் மாதத்திலோ ஏப்ரல் தொடக்கத்திலோ வந்துவிடும். அந்த வருடம் அது ஏற்கெனவே முடிந்திருந்தது. கனடாவிலும் ஜேர்மனியிலும் மே இரண்டாம் ஞாயிறு. பிரான்சில் பெரும்பாலும் மே கடைசி ஞாயிறு. எங்கள் சனம் எல்லா நாட்டிலும் இருப்பதால் ஒரு அன்னையர் தினத்தை மூன்று முறை விற்கலாம் என்று மனைவி சிரித்தாள். இப்போது அப்படித்தான் செய்கிறோம். இதைவிட எங்களுக்குப் பெரிய நாள் ஓகஸ்ட் மாதத்தில் செப்பல் றோட் கனகதுர்க்கை அம்மன் கோயில் தேர். அன்றைக்கு வெஸ்ட் ஈலிங் தெருவெல்லாம் எங்கள் சனம்தான். தேருக்கு ஒரு மாதம் முன்பே அர்ச்சனைச் சாமான் கொண்டுபோகும் பை என்று எழுதிவிடுவோம்.

இனி, எழுதலாமா விடலாமா என்று யோசித்த ஒன்றை எழுதுகிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன் கிறீன்போர்ட் பக்கம் இருக்கும் ஒரு அக்கா ஒரு சேலை கொண்டுவந்தார். பச்சைக் கரை போட்ட பருத்திச் சேலை. அவருடைய அம்மாவுடையது. அம்மா 2009இல் மாத்தளனில் செத்துப்போனார். வன்னியில் அந்த மாதங்களில் இருந்த எவருக்கும் தெரியும், சேலைகள் என்னவாகின என்று. பங்கருக்கு மண்மூட்டை கட்டச் சாக்கு இல்லை. கூறைச் சேலையைக் கூட வெட்டிப் பையாகத் தைத்து மண் நிரப்பி அடுக்கினார்கள். என் அம்மாவும் தைத்தவர்தான். அந்த அக்காவின் வீட்டில் இந்த ஒன்று மட்டும் மிச்சம், அம்மா அன்று கட்டியிருக்காமல் பொதிக்குள் இருந்ததால். மெனிக் பாம் முகாமுக்கும் அந்தப் பொதி வந்து, பிறகு இலண்டனுக்கும் வந்தது. அதை இரண்டு தலையணை உறையாகத் தைத்துத் தரச் சொன்னார். ஒன்று தனக்கு, ஒன்று தம்பிக்கு அனுப்ப. தம்பி இன்னும் ஊரில்.

மனைவி மூன்று நாள் அந்தச் சேலையை வெட்டவில்லை. நாலாம் நாள் வெட்டினாள். படம் எடுத்தாள். "போடலாமோ" என்று அக்காவிடம் கேட்டபோது "ஓம், போடுங்கோ" என்று சொன்னார். அவர் சொன்னது படத்துக்கு.

நான் அன்று இரவு வேலையில் இருந்தேன். ரீ நேரத்தில் எழுதத் தொடங்கி, பஸ்ஸிலும் எழுதினேன். ஒரு பந்தி முழுக்க. ஊரின் பெயர், அம்மா செத்த இடம், மண்மூட்டை, தம்பி ஊரில் இருப்பது, எல்லாம். என் வாழ்க்கையில் அதைவிட நன்றாக நான் எதையும் எழுதவில்லை. எழுதும்போது அழுதேன் என்பதும் உண்மை. கடைசியில் "உங்கள் அம்மாவின் சேலையையும் எங்களிடம் தாருங்கள்" என்று ஒரு வரி சேர்த்தேன்.

விடிய எழும்பிப் பார்த்தால் அறுநூறுக்கு மேல் லைக். எங்கள் பக்கத்துக்கு அதுவரை நாற்பதைத் தாண்டியதில்லை. பதினொரு ஓடர். பிரான்ஸ், சுவிஸ், அவுஸ்திரேலியா எல்லாம் பகிர்ந்திருந்தார்கள். கீழே கொமென்றில் இரண்டு பேர் அரசியல் சண்டையும் தொடங்கியிருந்தார்கள். யார் காட்டிக்கொடுத்தது, யார் பொறுப்பு என்று. ஒரு தலையணை உறைக்குக் கீழே.

மத்தியானம் அக்கா ரெலிபோன் எடுத்தார். கோபமாகப் பேசவில்லை. மெதுவாகத்தான் கதைத்தார்.

"தம்பி, ஊரிலை இருந்து என்ரை தம்பி எடுத்தவன். ஆர் உதெல்லாம் எழுதினது எண்டு கேக்கிறான். அவன்ரை பெயர் போடேல்லைதான். ஊரும் அம்மாவும் போட்டால் பெயர் எதுக்கு?"

நான் மன்னிப்புக் கேட்டேன். உடனே எடுத்துவிடுகிறேன் என்றேன்.

"எடுங்கோ. ஆனால் ஒண்டு சொல்லுறன், குறை நினையாதையுங்கோ. அம்மா செத்ததை நான் என்ரை பிள்ளையளுக்கே இன்னும் முழுக்கச் சொல்லேல்லை. என்ரை மூத்தவள் உங்கடை இன்ஸ்ரகிராமிலை வாசிச்சிட்டு வந்து என்னட்டைக் கேக்கிறாள்."

எனக்குத் திருப்பிச் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. அந்தப் பிள்ளைக்குப் பதினாலு வயது. தன் அம்மம்மா எப்படிச் செத்தார் என்பதை, பை விற்பதற்கு நான் எழுதியதில் இருந்து அறிந்திருக்கிறது.

எடுத்துவிட்டோம். ஆனால் பகிர்ந்தவர்கள் படம் பிடித்து வைத்திருந்தது பல நாள் சுற்றியது. பதினொரு ஓடரையும் என்ன செய்வது என்று மனைவியும் நானும் சண்டை பிடித்தோம். வாங்கியவர்களில் பிழை இல்லை, தைத்துக் கொடுப்போம் என்றேன். அவள் எல்லோருக்கும் எழுதி, அந்தக் கதை எங்களுடையது இல்லை, பிழையாகப் போட்டுவிட்டோம், அதற்காக வாங்க நினைத்தால் வேண்டாம் என்று சொன்னாள். ஐந்து பேர் விலகினார்கள். ஆறு பேர் தங்கள் அம்மாவின் சேலையை அனுப்பினார்கள். அந்த ஆறையும் நாங்கள் படம் எடுக்கவில்லை. அவளுக்குத்தான் அந்த யோசனை வந்தது, எனக்கு அல்ல.

பிறகு நான் இதைப் பலவிதமாக யோசித்திருக்கிறேன். தமிழ்நாட்டில் கோ-ஆப்டெக்ஸ் என்ற நெசவாளர் கூட்டுறவு 1935இல் தொடங்கியது. உ. சகாயம் அங்கே பொறுப்பாக இருந்த காலத்தில், சேலையோடு அதை நெய்தவரின் படமும் பெயரும் உள்ள அட்டை ஒன்றை வைத்தார்கள். அதைப் பற்றி வாசித்தபோது, நானும் அதைத்தானே செய்தேன் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிப் பார்த்தேன். அது சரிவரவில்லை. நெய்தவரின் பெயரைப் போட்டால் உழைப்பின் புகழ் அவருக்குப் போகிறது. அக்காவின் அம்மாவைப் பற்றி நான் எழுதியதில் அக்காவுக்கு என்ன போனது? லைக் எங்களுக்கு, ஓடர் எங்களுக்கு, ஊரில் தம்பிக்குப் பயம்.

அந்த நாளில் இருந்து ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். சேலையின் சொந்தக்காரருக்கு எழுதியதை முதலில் அனுப்பி, அவர் வாசித்து 'சரி' என்ற பிறகுதான் போடுவோம். எழுத்து வாசிக்கச் சிரமப்படும் அம்மாமாருக்கு ரெலிபோனில் வாசித்துக் காட்டுவேன். ஊரின் பெயர், முகாமின் பெயர், ஊரில் இருக்கும் ஆட்கள் பற்றி அவர்களே கேட்டாலும் போடுவதில்லை. சிலருக்கு இது பிடிக்காது. "எங்கடை கதையை உலகத்துக்குச் சொல்லத்தானே வேணும்" என்று ஒரு ஐயா என்னோடு வாதாடினார். சொல்லத்தான் வேண்டும். ஆனால் 22 பவுண் என்று போட்ட படத்துக்குக் கீழே இல்லை என்றேன். அவர் ஏற்றுக்கொள்ளவில்லை. அவருடைய பக்கத்திலும் நியாயம் இருக்கிறது என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

அக்கா அதன்பின் நெடுநாள் வரவில்லை. போன வருடம் தேர் அன்று செப்பல் றோட் மூலையில், கஞ்சி வாங்கிக்கொண்டு நின்றபோது மனைவியைக் கண்டு பக்கத்தில் வந்தார். பிள்ளைகளை விசாரித்தார். அடுத்த கிழமை ஒரு பொலித்தீன் பையோடு வீட்டுக்கு வந்தார். இந்த முறை அவருடைய சொந்தச் சேலை. இங்கே வந்து முதல் சம்பளத்தில் சவுத்ஹோலில் வாங்கியதாம். ஒரு ஓரம் சூடுபட்டுப் பழுதாகிவிட்டது. மூத்தவளுக்கு ஒரு பையும், மிச்சத்தில் என்ன வருகுதோ அதை நாங்கள் விற்கவும் சொன்னார்.

மனைவி ரீ போடப் போனாள். நான் மேசையில் சேலையை விரித்து அளந்துகொண்டிருந்தேன். அக்கா என்னைப் பார்த்துக் கேட்டார்.

"இதுக்குக் கீழை என்ன எழுதப் போறியள்?"

"நீங்கள் சொல்லுங்கோ அக்கா."

சேலையைக் கையில் எடுத்து யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"கத்தரிப்பூ நிறம் எண்டு போடுங்கோ. விலையையும் போடுங்கோ. அது காணும்."